தைராய்டு புற்றுநோய் என்றால் எந்த வகை என்று கேளுங்கள்

வந்த கேள்வி இது: "அக்காவுக்கு 38 வயது. கழுத்தில் கட்டி. ஊசி சோதனை ரிப்போர்ட்டில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம், பெதஸ்டா 4' என்று போட்டிருக்கிறது. பாதி தைராய்டை எடுத்துப் பார்த்துவிடலாம் என்கிறார் டாக்டர். சித்தப்பாவோ, 'தைராய்டு கேன்சர்தானே, ஒன்றும் ஆகாது' என்கிறார். நெட்டில் தேடினால் ஆறு மாதத்தில் உயிர் போய்விடும் என்று ஓரிடத்தில் இருக்கிறது. இதில் எது உண்மை? மொத்தம் எத்தனை வகை? கூடப்பிறந்தவர்கள் நாங்களும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா?"

சித்தப்பா சொன்னதும் சரி, நெட்டில் நீங்கள் படித்ததும் சரி. ஆனால் இரண்டும் ஒரே நோயைப் பற்றியவை அல்ல. ஒரே சுரப்பியில் வருவதால் ஒரே பெயரில் அழைக்கிறோம், அவ்வளவுதான். அதில் ஒரு வகை, பத்து வருடம் கை வைக்காமல் விட்டாலும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இன்னொரு வகை, இன்று சின்னக் கட்டியாகத் தெரிந்தால் சில வாரங்களில் மூச்சுக்குழாயை நெரித்துவிடும். அதனால் எந்த ஸ்டேஜ் என்று கேட்பதற்கு முன்னால் எந்த வகை என்று கேட்க வேண்டும்.

நான் பயாப்ஸி ஸ்லைடுகளைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் துறையில் இருப்பவன். நோயாளிகளை நேரில் பார்ப்பது குறைவு, அவர்களுடைய செல்களைப் பார்ப்பதுதான் வேலை. எனவே செல்லிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அக்காவுக்கு என்ன செய்வது என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

தைராய்டில் முக்கியமாக இரண்டு வகை செல்கள் உண்டு. ஃபாலிகுலர் செல்கள் எனப்படுபவை அயோடினை இழுத்து டி3, டி4 ஹார்மோன்களைச் செய்பவை. தைரோகுளோபுலின் என்ற புரதமும் இவற்றிலிருந்துதான் வருகிறது. சுரப்பியில் மிகப் பெரும்பாலானவை இவையே. இவற்றுக்கு நடுவே அங்கங்கே சிதறிக் கிடக்கும் சி செல்கள் இரண்டாவது வகை. அவை அயோடினைத் தொடுவதே இல்லை, கால்சிட்டோனின் என்ற வேறொரு ஹார்மோனைச் சுரக்கின்றன. தைராய்டு புற்றுநோய் முக்கியமாக ஐந்து வகை. பாப்பிலரி, ஃபாலிகுலர், ஆங்கோசைட்டிக், அனாபிளாஸ்டிக் ஆகியவை முதல் வகைச் செல்லிலிருந்து வருபவை. மெடுல்லரி மட்டும் சி செல்லிலிருந்து வருவது. எந்த ரத்தப் பரிசோதனை, ரேடியோ அயோடின் எனும் கதிரியக்க அயோடின் சிகிச்சை வேலை செய்யுமா, குடும்பத்தில் மற்றவர்களைப் பார்க்க வேண்டுமா என்பதெல்லாம் இந்த ஒரு பிரிவினையைப் பொறுத்துத்தான் முடிவாகின்றன.

பத்துப் பேருக்குத் தைராய்டு புற்றுநோய் என்றால் அதில் எட்டுப் பேருக்கு இருப்பது பாப்பிலரி. முப்பதிலிருந்து ஐம்பது வயதுக்குள் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு. இதை அடையாளம் காட்டுவது செல்லின் உட்கரு. சாதாரணச் செல்லில் உட்கரு கருநீலமாக, உருண்டையாக இருக்கும். பாப்பிலரியில் அது பெருத்து, நடுவில் வெளுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். நடுவே நீளவாக்கில் ஒரு மடிப்புக் கோடு ஓடும். சில இடங்களில் வளையம் வளையமாகச் சுண்ணாம்பு படிந்த சிறு மணிகள் கிடைக்கும். இதெல்லாம் ஊசியில் வரும் ஒரு சொட்டிலேயே தெரிந்துவிடுவதால், பாப்பிலரியை ஆபரேஷனுக்கு முன்பே பெரும்பாலும் சொல்லிவிட முடிகிறது.

இது பரவுவது நிணநீர்க் கணுக்கள் வழியாக. இளவயதுக்காரர்கள் சிலர் தைராய்டுக் கட்டியோடு வருவதில்லை, கழுத்துப் பக்கவாட்டில் நெறிகட்டியிருக்கிறது என்று வருவார்கள். நம் ஊரில் கழுத்தில் நெறி என்றால் முதலில் எல்லோருக்கும் டி.பி. ஞாபகம்தான் வரும், அது தப்பும் இல்லை. ஆனால் அந்தக் கணுவிலிருந்து ஊசியில் பழுப்பு நிறத் தண்ணீர் வந்தால், அந்தத் தண்ணீரில் தைரோகுளோபுலின் எவ்வளவு என்று பார்க்கச் சொல்வோம். கழுத்துக் கணுவில் அந்தப் புரதத்துக்கு வேலையே இல்லை. அது அதிகமாக இருந்தால் தைராய்டுச் செல் அங்கே குடியேறிவிட்டது என்று அர்த்தம்.

கணுவுக்குப் பரவிவிட்டது என்றதும் வீட்டில் எல்லோரும் இடிந்துபோவார்கள். மற்ற புற்றுநோய்களில் அது பெரிய விஷயம்தான். பாப்பிலரியில், அதுவும் இளவயதில், கணுவில் இருப்பது நோய் திரும்பி வரும் வாய்ப்பைக் கூட்டுகிறது, ஆயுளைப் பெரிதாகக் குறைப்பதில்லை. ஸ்டேஜ் கணக்கே அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். 2018இலிருந்து நடைமுறையில் இருக்கும், ஸ்டேஜ் போடும் விதிகளின் எட்டாம் பதிப்புப்படி, 55 வயதுக்குக் கீழே உள்ளவருக்குப் பாப்பிலரியோ ஃபாலிகுலரோ வந்தால் அது ஸ்டேஜ் 1 அல்லது 2 மட்டுமே. நுரையீரல் வரை போயிருந்தாலும் 2தான். இதற்கு முந்தைய பதிப்பில் அந்த வயது வரம்பு 45. மற்ற புற்றுநோய்களின் ஸ்டேஜைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும்.

எல்லாப் பாப்பிலரியும் இவ்வளவு சாது என்று நினைத்துவிடக் கூடாது. ரிப்போர்ட்டில் 'டால் செல்', 'காலம்னர்', 'ஹாப்நெயில்' என்ற துணைப்பெயர் ஏதாவது இருந்தால் அது முரட்டு ரகம், தீவிரமாகப் பார்க்க வேண்டும். பாப்பிலரிக் கட்டிகளில் பாதிக்குச் சற்றுக் கூடவோ குறையவோ பிராஃப் வி600இ என்ற மரபணு மாற்றம் இருக்கும். அது இருக்கிறது என்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டியதில்லை.

கதிர்வீச்சால் வருவதும் பெரும்பாலும் இந்தப் பாப்பிலரிதான். 1986 ஏப்ரலில் செர்னோபில் அணு உலை வெடித்தபோது வெளியேறிய அயோடின் 131 என்ற கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, மாட்டுக்குப் போய், பாலில் கலந்து குழந்தைகளின் தைராய்டில் சேர்ந்தது. அப்போது பிள்ளைகளாக இருந்தவர்களில், பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 2005 வரை ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவரை இறந்தவர்கள் 15 பேர் என்று ஐ.நா.வின் கதிர்வீச்சு அறிவியல் குழு பதிவு செய்திருக்கிறது. அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியே இந்த வகையின் குணத்தைச் சொல்லிவிடுகிறது. மணவாளக்குறிச்சிப் பக்கத்து வாசகர்கள் இயற்கையாகவே கதிர்வீச்சு உள்ள கடற்கரை மோனசைட் மணலைப் பற்றி அடிக்கடி கேட்பதால் ஒரு வரி: அதே மாதிரி மணல் உள்ள கேரளத்தின் கருநாகப்பள்ளியில் பெரிய மக்கள்தொகையைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், இயற்கைக் கதிர்வீச்சு கூடிய அளவுக்குப் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை.

சரி, அக்காவின் ரிப்போர்ட்டுக்கு வருவோம்.

பெதஸ்டா என்பது ஊசி சோதனை முடிவை ஆறு வகையாகப் பிரிக்கும் முறை. 2 என்றால் சாதாரணக் கட்டி, 6 என்றால் புற்றுநோய் என்று ஏறக்குறைய உறுதி. 4 நடுவில் தொங்குவது. இந்த வகையில் வருபவர்களில் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோதான் கடைசியில் புற்றுநோய் என்று வருகிறது. அதாவது அக்காவுக்கு அது புற்றுநோயாக இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

'ஏன் இப்படி இழுத்தடிக்கிறீர்கள், இருக்கிறதா இல்லையா என்று சொல்லுங்கள்' என்று எங்களிடம் கேட்காதவர்கள் இல்லை. ஃபாலிகுலர் கட்டியில் அதை ஊசியால் சொல்லவே முடியாது. ஃபாலிகுலர் அடினோமா என்ற சாதுக் கட்டியின் செல்லும், ஃபாலிகுலர் கார்சினோமா என்ற புற்றுநோயின் செல்லும் மைக்ரோஸ்கோப்பில் ஒன்று போலவே இருக்கும். வித்தியாசம் செல்லில் இல்லை, கட்டியைச் சுற்றியிருக்கும் உறையில் இருக்கிறது. செல்கள் உறையைத் துளைத்து வெளியே வந்திருந்தால், அல்லது உறையில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் நுழைந்திருந்தால், அது புற்றுநோய். உள்ளேயே அடங்கியிருந்தால் அடினோமா. துருவிய தேங்காயைப் பார்த்து ஓட்டில் விரிசல் இருந்ததா என்று எப்படிச் சொல்வது? ஊசியில் எங்களுக்கு வருவது துருவல் மட்டும்தான்.

அதனால்தான் பாதி தைராய்டை எடுத்துப் பார்க்கலாம் என்கிறார் உங்கள் மருத்துவர். அது சரியான, வழக்கமான வழி. கட்டி எங்கள் மேசைக்கு வந்ததும் அதன் உறையைச் சுற்றிச் சுற்றி, துண்டு துண்டாக வெட்டி, மெழுகில் பதித்து, ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஒரு துண்டில் உறை முழுதாக இருக்கும், அடுத்த துண்டில் ஒரே ஓர் இடத்தில் செல்கள் பிதுங்கிக்கொண்டு வெளியே நிற்கும். அந்த ஓர் இடத்தைத் தேடித்தான் இத்தனை வேலையும். ஆபரேஷன் நடக்கும்போதே உறைய வைத்து அவசரமாகப் பார்க்கும் ஃப்ரோசன் சோதனை இந்த வகைக்குப் பெரிய உதவி செய்வதில்லை. ஒரு வாரம் பத்து நாள் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

புற்றுநோய் என்றே வந்தாலும் அடுத்த கேள்வி, உறையை மட்டும் தாண்டியதா, ரத்தக்குழாய்க்குள் போனதா, எத்தனை இடத்தில் என்பது. உறையை மட்டும் தாண்டியது என்றால் பல சமயம் அந்தப் பாதி ஆபரேஷனே போதும். ரத்தக்குழாய்களில் நான்கு இடத்துக்கு மேல் என்றால் மீதியையும் எடுத்து, ரேடியோ அயோடின் வரை போக வேண்டியிருக்கும்.

ஊசி சோதனையில் 6 என்று வந்தாலும்கூட நூற்றுக்கு மூன்று பேர் மாதிரி தப்பிப்பவர்கள் உண்டு. அர்ஜென்டினாவின் அதிபராக இருந்த கிறிஸ்டினா கிர்ச்னருக்கு 2011 டிசம்பரில் பாப்பிலரி புற்றுநோய் என்று அறிவித்தார்கள். 2012 ஜனவரி 4 அன்று முழுத் தைராய்டையும் எடுத்தார்கள். மூன்று நாள் கழித்து, எடுத்த சுரப்பியில் புற்றுநோய்ச் செல்லே இல்லை, வெறும் அடினோமா என்று அரசுத் தரப்பே சொன்னது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஒரு நோயாளிக்கே அப்படி. கட்டியை எடுத்து முழுதாகப் பார்த்துத் தரும் கடைசி ரிப்போர்ட் வரும்வரை எந்த வகைப் பெயரும் தற்காலிகம்தான்.

பெயரே மாறிப்போன கதையும் ஒன்று உண்டு. பாப்பிலரியின் உட்கருவும் ஃபாலிகுலரின் அமைப்பும் கொண்டு, உறைக்குள் முழுதாக அடங்கிய ஒரு வகைக் கட்டியைப் பல ஆண்டுகள் புற்றுநோய் என்றே எழுதிக்கொண்டிருந்தோம். ஏழு நாடுகளைச் சேர்ந்த 24 நிபுணர்கள் அப்படிப்பட்ட 109 நோயாளிகளின் ஸ்லைடுகளை மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். பத்திலிருந்து இருபத்தாறு ஆண்டுகள் வரை கடந்திருந்தும் ஒருவருக்கும் நோய் திரும்பவில்லை. 2016இல் அதன் பெயரிலிருந்து 'கார்சினோமா' என்ற சொல்லையே எடுத்துவிட்டார்கள். இப்போது ரிப்போர்ட்டில் 'நிஃப்ட்பி' என்று வரும். பாதி தைராய்டை எடுத்ததோடு சரி, அதற்கு மேல் சிகிச்சை வேண்டாம். எங்கள் துறையில் நடந்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்பேன்.

ஃபாலிகுலர் கார்சினோமாவின் பங்கு பத்து சதவீதம் போல. உணவில் அயோடின் குறைவான பகுதிகளில் இது கூடுதலாகவும், அயோடின் உப்பு பரவிய பிறகு பாப்பிலரியை ஒப்பிடும்போது குறைவாகவும் இருப்பதைப் பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். இது கணுக்களை அவ்வளவாகச் சீண்டாது, ரத்தத்தில் ஏறி நேராக நுரையீரலுக்கும் எலும்புக்கும் போகும். தலையில் ஒரு கட்டி, தொட்டால் துடிக்கிறது என்று வருபவரின் பயாப்ஸியை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், மண்டை ஓட்டு எலும்புக்கு நடுவே அழகாக வட்ட வட்டமாகத் தைராய்டு உட்கார்ந்திருக்கும். கழுத்தில் கட்டி இருப்பது அதுவரை அவருக்கே தெரிந்திருக்காது.

எலும்புக்குப் போன பிறகும் அது தைராய்டின் குணத்தை மறப்பதில்லை, அயோடினைக் கண்டால் இழுத்துக்கொள்ளும். அந்தப் பழக்கத்தை வைத்தே அதை மடக்கலாம் என்பது நியூயார்க் மாண்டிஃபியோரி மருத்துவமனையில் 1943இல் தெரியவந்தது. ஒருவருக்குத் தைராய்டை எப்போதோ எடுத்துவிட்டார்கள், ஆனாலும் உடலில் தைராய்டு ஹார்மோன் எக்கச்சக்கம். உடலில் பரவியிருந்த கட்டிகளே அதைச் சுரந்துகொண்டிருந்தன. சாமுவேல் சைட்லின் என்ற மருத்துவர் அவருக்குக் கதிரியக்க அயோடின் கொடுத்தார், கட்டிகள் அதை இழுத்துக்கொண்டு அடங்கின. இன்றும் அதே சிகிச்சைதான். அயோடின் 131, பாதி வலு குறைய எட்டு நாள். முன்பெல்லாம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் கொடுத்தார்கள். இப்போது சிறிய, ஆபத்துக் குறைவான கட்டிக்கு அதைக் கொடுக்காமல் விட்டாலும் வித்தியாசமில்லை என்று 2022இல் வெளியான பிரெஞ்சு ஆய்வு காட்டியிருக்கிறது. கொடுப்பதாக இருந்தால் ஒன்றிரண்டு வாரம் முன்பிருந்தே அயோடின் உப்பு, மீன், கருவாடு, பால், முட்டை மஞ்சள் கரு எல்லாம் தவிர்க்க வேண்டும். இன்னொன்று, கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி சி.டி. எடுத்திருந்தால் அதிலும் அயோடின் உண்டு. சில வாரங்கள் தள்ளிப்போட வேண்டிவரும், முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

ஆங்கோசைட்டிக் கார்சினோமா என்பது முன்பு ஹர்த்தில் செல் என்று சொல்லப்பட்டது. பழைய ரிப்போர்ட்டுகளில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஃபாலிகுலரின் கிளை என்று நினைத்திருந்ததை 2017இலிருந்து தனி வகையாக வைத்திருக்கிறார்கள். செல் முழுக்க மைட்டோகாண்ட்ரியா நிரம்பி, இளஞ்சிவப்பாகப் புடைத்திருக்கும். இதைக் கண்டுபிடிப்பதும் உறையைப் பார்த்துத்தான். அயோடினை அவ்வளவாக இழுக்காது என்பதால் ஆபரேஷனைத்தான் அதிகம் நம்ப வேண்டும்.

மெடுல்லரிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள், ஏனென்றால் இதில்தான் தவறவிட்டால் குடும்பமே பாதிக்கப்படும். மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குத்தான் வரும். 1959இல்தான் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். சி செல்லிலிருந்து வருவதால் தைரோகுளோபுலினும் உதவாது, ரேடியோ அயோடினும் உதவாது. டி.எஸ்.எச். ரிப்போர்ட் கச்சிதமாக நார்மலாக இருக்கும். ரத்தத்தில் பார்க்க வேண்டியது கால்சிட்டோனினும், சி.இ.ஏ. என்ற இன்னொரு புரதமும். கால்சிட்டோனின் ரொம்ப ஏறிப்போனவர்களுக்கு ஓயாத வயிற்றுப்போக்கும் முகம் சிவப்பதும் உண்டு. அதற்காகக் குடல் டாக்டரிடம் மாதக்கணக்கில் அலைந்துவிட்டுக் கடைசியில் கழுத்துக்கு வந்து சேர்பவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் அடையாளம் உண்டு. செல்களுக்கு நடுவே திட்டுத்திட்டாக அமிலாய்டு என்ற புரதம் படிந்திருக்கும். காங்கோ ரெட் சாயம் ஏற்றி, போலரைஸ்டு வெளிச்சத்தில் ஸ்லைடைத் திருப்பினால் சிவப்பு மறைந்து பச்சையாக மின்னும்.

மெடுல்லரி நோயாளிகளில் நான்கில் ஒருவருக்கு அது பரம்பரையாக வந்தது. காரணம் ரெட் என்ற மரபணுவில் பிறவியிலேயே இருக்கும் மாற்றம், 1993இல் கண்டுபிடித்தார்கள். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. அதனால் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று நினைத்தாலும், மெடுல்லரி என்று வந்த ஒவ்வொருவருக்கும் ரத்தத்தில் ரெட் பரிசோதனை செய்தாக வேண்டும். மாற்றம் இருந்தால் ரத்த உறவுகள் அனைவருக்கும். மரபணுவில் 634ஆம் இடத்தில் மாற்றம் இருக்கும் குழந்தைக்கு, கட்டி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஐந்து வயதுக்குள் தைராய்டை எடுத்துவிடுவது நல்லது என்கிறார்கள். 918 என்றால் முதல் வயதிலேயே. ஓடியாடும் குழந்தைக்கு எதற்கு ஆபரேஷன் என்று தாத்தா பாட்டி சண்டைக்கு வருவார்கள், நியாயம்தான். ஆனால் அந்த மாற்றம் இருந்தால் நோய் வராமல் இருக்காது என்பதே அனுபவம். மரபணு ரிப்போர்ட்டை வைத்து, நோய் வரும் முன்பே உறுப்பை எடுத்துப் பிள்ளையைக் காப்பாற்ற முடிகிற இடம் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

இந்தப் பரம்பரை வகையில் அட்ரினல் சுரப்பியிலும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருக்கலாம். அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ஆபரேஷன் மேசையிலேயே ரத்த அழுத்தம் தாறுமாறாக எகிறி உயிருக்கே ஆபத்தாகும். எனவே மெடுல்லரி என்று சந்தேகம் வந்தால், கழுத்தில் கத்தி வைக்கும் முன் அந்த அட்ரினல் கட்டிக்கான சோதனை முடிந்ததா என்று நீங்களே கேளுங்கள். பரவிய நோய்க்கு இப்போது ரெட்டை மட்டும் குறிவைக்கும் மாத்திரை இருக்கிறது. செல்பெர்கேட்டினிப் 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. விலைதான் கண்ணைக் கட்டும்.

நெட்டில் படித்து நீங்கள் பயந்தது அனாபிளாஸ்டிக். நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். பெரும்பாலும் அறுபது தாண்டியவர்கள். பல வருடமாகக் கழலை இருந்து, ஒன்றும் செய்யாததால் அப்படியே விட்டிருப்பார்கள். அது திடீரென்று வாரக்கணக்கில் வளரும், குரல் கம்மும், விழுங்க முடியாது, படுத்தால் மூச்சு முட்டும். ஸ்லைடில் இதைத் தைராய்டு என்று சொல்லவே முடியாது, செல்கள் அவ்வளவு கோணல்மாணலாக இருக்கும். தன் குணத்தை மறந்துவிட்டதால் அயோடினையும் இழுக்காது. எவ்வளவு சிறிதாக இருந்தாலும் கண்டுபிடித்த அன்றே ஸ்டேஜ் 4 என்றுதான் எழுதுவார்கள். பழைய கணக்குப்படி பாதிப் பேர் ஆறு மாதம் தாண்டுவதில்லை. அந்தக் கணக்கும் இப்போது கொஞ்சம் அசைந்திருக்கிறது. கட்டியில் பிராஃப் வி600இ மாற்றம் இருந்தால் டாப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரண்டு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுக்க 2018இல் அனுமதி வந்தது. சிலருக்குக் கட்டி சுருங்கி ஆபரேஷன் செய்யும் நிலைக்கு வருகிறது. அதனால் இந்த வகை என்று சந்தேகம் வந்த அன்றே பிராஃப் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், இதில் நாள் கணக்கு முக்கியம். பாப்பிலரிக்கும் இதற்கும் நடுவில் 'புவர்லி டிஃபரன்ஷியேட்டட்' என்று ஒன்று உண்டு. பெயரைப் போலவே குணமும் இடைப்பட்டது.

வேகமாக வளரும் கழுத்துக் கட்டி எல்லாம் அனாபிளாஸ்டிக் ஆகிவிடாது. ஹாஷிமோட்டோ என்ற தைராய்டு அழற்சி நெடுநாள் இருந்தவர்களுக்கு அபூர்வமாகத் தைராய்டில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ச் செல் புற்றுநோய் வரும். பார்க்க அதே மாதிரி பயமுறுத்தும், ஆனால் கீமோவுக்கு நன்றாக அடங்கும், பெரிய ஆபரேஷன் தேவைப்படாது. பயாப்ஸி பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

அக்காவின் கடைசி ரிப்போர்ட் வந்ததும் அதில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: வகையும் துணைவகையும், சென்டிமீட்டரில் அளவு, உறையைத் தாண்டியதா, ரத்தக்குழாயில் எத்தனை இடம், வெட்டிய ஓரத்தில் செல் இருக்கிறதா, கணு எடுத்திருந்தால் எத்தனையில் எத்தனை. ஒன்று குறைந்தாலும் கேட்டு வாங்கலாம். சந்தேகமிருந்தால் மெழுகுக் கட்டைகளையும் ஸ்லைடுகளையும் வாங்கி இன்னொரு பெரிய மையத்தில் காட்டலாம், அடையாறு, வேலூர் மாதிரி இடங்களுக்கு வெளியூர் ஸ்லைடுகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஃபாலிகுலர் கட்டிகளில் இரண்டு நல்ல நிபுணர்கள் இரண்டு விதமாகச் சொல்வது சகஜம், அதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் எல்லோரும் ஸ்கேன் எடுக்க வேண்டுமா? மெடுல்லரி என்று வந்தால் ஆமாம், ஆனால் ஸ்கேன் அல்ல, மேலே சொன்ன ரெட் ரத்தப் பரிசோதனை. மற்றபடி ஒருவருக்கு மட்டும் பாப்பிலரியோ ஃபாலிகுலரோ வந்த குடும்பத்தில், கழுத்தில் ஒன்றும் தட்டுப்படாதவர்கள் ஸ்கேனுக்குப் போக வேண்டாம் என்பேன். காரணம் தென்கொரியா. அங்கே 1999இலிருந்து நாடு தழுவிய புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தபோது, கூடுதலாகக் கொஞ்சம் பணம் கட்டினால் தைராய்டு ஸ்கேனும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். 2011இல் தைராய்டு புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்ட விகிதம் 1993இல் இருந்ததைப் போல் 15 மடங்கு. அந்த ஒரே ஆண்டில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். இறப்பு விகிதமோ அசையவே இல்லை. அகப்பட்டவை எல்லாம் தன்பாட்டில் கிடந்த சின்னச் சின்னப் பாப்பிலரிகள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் நூற்றுக்குப் பதினொரு பேருக்கு, தைராய்டை ஒட்டியிருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பழுதாகிக் கால்சியம் குறைந்தது, இரண்டு பேருக்குக் குரல் நரம்பு போனது. 2014இல் அங்குள்ள மருத்துவர்கள் சிலரே சேர்ந்து குரல் எழுப்பிய பிறகு, ஓர் ஆண்டிலேயே ஆபரேஷன்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில் 1993இலிருந்தே, ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான பாப்பிலரியை எடுக்காமல் ஸ்கேனில் கண்காணித்து வருகிறார்கள். பத்து ஆண்டில் நூற்றுக்கு எட்டுப் பேருக்குத்தான் அது மூன்று மில்லிமீட்டராவது வளர்ந்தது. அப்படி வளர்ந்த பிறகு எடுத்தும் யாருக்கும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. ஆகவே உங்களில் யாருக்காவது கழுத்தில் கட்டி கையில் தட்டுப்பட்டாலோ, குரல் மூன்று வாரத்துக்கு மேல் கம்மியிருந்தாலோ, சிறுவயதில் கழுத்துக்குக் கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தாலோ, அப்பா அம்மா கூடப்பிறந்தவர்களில் இன்னொருவருக்கும் இதே நோய் இருந்தாலோ போய்க் காட்டுங்கள். இல்லையென்றால் அந்த ஸ்கேன் காசை அக்காவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்துக்கொள்ளலாம்.